எல் நினோ ஆண்டில் வடக்கில் டெங்கு கூடுமா, குறையுமா?

வடமராட்சி ஆசிரியை எழுதியது:

வணக்கம். நான் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். நுளம்பினால் பரவும் நோய்கள் பற்றிய பாடத்தின்போது எழுந்த ஒரு கேள்விக்கு என்னால் நிறைவான பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே வந்து கேட்கிறேன்.

எல் நினோ வந்தால் டெங்கு கூடுமா என்று ஒரு மாணவி கேட்டாள். மழை கூடினால் தேங்கும் நீரும் கூடும், அதனோடு நுளம்பும் கூடும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், நெடுந்தீவில் உறவினர் உள்ள ஒரு மாணவன் எழுந்து, "ரீச்சர், அங்கே மழையே இல்லாமல் பவுசரில் தண்ணீர் கொடுத்த காலத்தில்தான் எங்கள் மாமா வீட்டில் இரண்டு பேருக்கு டெங்கு வந்தது" என்றான். அவன் சொன்னதை மறுக்க என்னிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை. அன்று மாலை பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, 1934இல் இலங்கையைச் சூறையாடிய மலேரியாவும் வறட்சியில்தான் தொடங்கியது என்று ஒரு வரி கண்ணில் பட்டது. மழையும் நோய் தருகிறது, வறட்சியும் நோய் தருகிறது என்றால் மாணவர்களுக்கு எதை விதியாகச் சொல்வது?

இன்னொன்றும் நெடுநாளாக மனதில் கிடக்கிறது. கொழும்பில் ஜூன், ஜூலை மாதங்களில் டெங்கு உச்சம் பெறும்போது இங்கே ஓரளவு அமைதியாக இருக்கிறது. நமக்கோ மார்கழியும் தையுமே கெட்ட காலம். என் அக்காவின் மகள் ஒரு தைப்பொங்கல் வாரத்தில் குருதிச் சிறுதட்டுகள் குறைந்து மூன்று இரவுகள் மருத்துவமனை விடுதியில் கிடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால், இதைப் பாடப்புத்தகக் கேள்வியாக மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொண்டல் எழுதியது:

வணக்கம் ரீச்சர். காலநிலையியல் படித்தவன் என்ற முறையில் வானத்துப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். நுளம்பின் பக்கத்தை அறிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்மேற்பரப்பு, வழக்கமான வெப்பநிலையைவிட அரைப் பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிப் பல மாதங்கள் அப்படியே நீடிப்பதை எல் நினோ என்கிறோம். இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது வருகிறது. அதன் விளைவு இலங்கைக்கு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான் பலர் தவறவிடும் இடம். எல் நினோ ஆண்டுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் மழை குறையும் போக்கும், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை கூடும் போக்கும், அடுத்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரை மீண்டும் குறையும் போக்கும் காணப்படுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றை நம்பியிருக்கும் கொழும்புக்கும் களுத்துறைக்கும் ஒரு செய்தியையும், மாரி மழையை மட்டுமே நம்பியிருக்கும் நமக்கு வேறொரு செய்தியையும் ஒரே எல் நினோ கொண்டுவருகிறது.

இதற்குள் நம் வீட்டுக்கடலும் தலையிடுகிறது. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதிக்கும் சுமாத்திராவை ஒட்டிய கிழக்குப் பகுதிக்கும் இடையே தோன்றும் வெப்பநிலை வேறுபாட்டை இந்து சமுத்திர இருமுனை என்று 1999இல் ஆய்வாளர்கள் பெயரிட்டு விளக்கினார்கள். மேற்கு சூடாகவும் கிழக்கு குளிராகவும் இருக்கும் நேர்நிலையில் நமது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை பெருகும் வாய்ப்பு உண்டு. 1997இலும் 2019இலும் அந்த நிலை மிக வலுவாக இருந்தது. 2016இல் இருமுனை வலுவான எதிர்நிலைக்குப் போனபோது வடகீழ்ப் பருவமழை பொய்த்து, வடக்கிலும் கிழக்கிலும் வயல்கள் விதைக்கப்படாமலே கிடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆகவே பசிபிக்கை மட்டும் பார்த்து மாரியைக் கணிப்பது எனக்கு எப்போதும் அரைக் கணக்காகவே தோன்றும்.

கொழும்புக்கும் நமக்கும் உள்ள மாத வேறுபாட்டுக்கு முதற்காரணமும் இதுதான். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலத்தில் மேற்குக்கரை நனைகிறது, நாம் காய்கிறோம். கொண்டல் காற்றும் வாடைக்காற்றும் தொடங்கியபின் நமது முறை வருகிறது. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடுவதால், இங்கே நுளம்பின் பருவமும் கிட்டத்தட்ட ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கிறது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். எல் நினோ ஆண்டுகள் பொதுவாக வெப்பமான ஆண்டுகள். நுளம்பு தொற்றுள்ள இரத்தத்தைக் குடித்த நாளிலிருந்து அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை வைரசு சென்றடைய, 25 முதல் 28 பாகை வெப்பத்தில் எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் எடுக்கும். வெப்பம் சற்று ஏறினால் அந்த நாட்கள் சுருங்கும். இயற்கைச் சூழலில் ஒரு நுளம்பு இரண்டு, மூன்று வாரங்கள் உயிர் வாழ்வதே அரிது என்பதால், இரண்டு நாள் சுருங்கினாலும் கடிக்கத் தயாரான நுளம்புகளின் தொகை கணிசமாக ஏறிவிடும். ஆனால் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் நோயும் ஏறிக்கொண்டே போகும் என்று எண்ண வேண்டாம். டெங்குப் பரவலுக்கு ஏறத்தாழ 29 பாகையும் மலேரியாவுக்கு ஏறத்தாழ 25 பாகையும் மிகவும் ஏற்றவை என்றும், அவற்றைத் தாண்டினால் நுளம்பின் ஆயுளே குறையத் தொடங்குகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன.

ஓய்வுபெற்ற பரிசோதகர் எழுதியது:

பிள்ளை, உங்கள் மாணவன் சொன்னது முற்றிலும் சரி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நுளம்பு மழையைத் தேடி வருவதில்லை. அது தனக்கு ஏற்ற நீரைத் தேடி வருகிறது. அந்த நீர் மழையாலும் நிற்கலாம், மழை இல்லாத காரணத்தாலும் நிற்கலாம். எந்த நுளம்பு, எந்த இடம் என்ற இரண்டையும் சொல்லாமல் விதி எழுதினால் அது பாதி ஊர்களில் பொய்யாகிவிடும்.

நீங்கள் குறிப்பிட்ட 1934ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மலேரியாவைப் பரப்பிய அனோபிலிசு குலிசிபேசீசு என்ற நுளம்பு, வெயில் விழும் தெளிந்த, ஓடாத நீரில் முட்டையிடுவது. ஈரவலயத்தின் ஆறுகள் வழக்கமான ஆண்டில் நிறைந்து ஓடுவதால் அங்கே அதற்கு இடம் கிடைப்பதில்லை. அந்த ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் ஓட்டம் நின்று மணற்படுகையில் சிறுசிறு குட்டைகளாக உடைந்தன. முட்டையிலிருந்து வரும் குடம்பிப் புழுவுக்கு அதைவிட நல்ல தொட்டிலை மனிதன் கட்டிக் கொடுத்திருக்க முடியாது. ஒக்டோபர் கடைசியில் வெடித்த காய்ச்சல் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை நின்று கேகாலை, குருநாகல் பகுதிகளை உலுக்கியது. ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள்.

இதில் இன்னும் கவனிக்க வேண்டியது, மலேரியா ஆண்டுதோறும் நடமாடிய உலர்வலயம் அந்த ஆண்டில் அதே அளவுக்கு அடிபடவில்லை என்பது. அங்குள்ளவர்களின் உடலில் ஓரளவு எதிர்ப்பு இருந்தது. ஈரவலயத்து மக்களுக்கு அது இல்லை. போதாக்குறைக்கு விளைச்சல் அழிந்து, உலகப் பொருளாதார மந்தத்தால் கூலியும் குறைந்து, அவர்கள் ஏற்கெனவே பட்டினியில் இருந்தார்கள். குட்டையை உண்டாக்கியது வானிலை என்றாலும், அத்தனை பேரை இறக்க விட்டதில் வறுமைக்கும் பெரும் பங்கு உண்டு. அந்தப் பேரழிவில் கொயினா மருந்தும் உணவும் எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போன, இடதுசாரிச் சூரியமல் இயக்கத்து இளைஞர்களைப் பற்றி எனக்குக் கற்பித்த ஆசிரியர் கண்கலங்கிச் சொல்வார்.

இப்போது டெங்குவுக்கு வருவோம். ஈடிசு எஜிப்தி வீட்டு நுளம்பு. அதற்கு ஆறு வேண்டாம், குளம் வேண்டாம். பூச்சாடித் தட்டும், கழித்த டயரும், யோகட் கோப்பையும், பனையோலை விழுந்து அடைத்த கூரைப்பீலியும், மூடியில்லாத சீமெந்துத் தொட்டியும் போதும். தீவகத்தில் பவுசர் வாரத்துக்கு ஒருமுறை வரும் காலத்தில், வீட்டுக்காரர் கிடைத்த பீப்பாய், வாளி, அண்டா எல்லாவற்றிலும் நீரை நிரப்பி வைக்கிறார். முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அடுத்த பவுசர் வரும்வரை அடியில் நாலு விரல் நீரை ஊற்றாமல் சேமித்து வைத்தால், அந்த நாலு விரல் நீரே பண்ணையாகிவிடுகிறது. அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குடிக்க நீரில்லாதவரிடம் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள் என்று சொல்லும் சங்கடத்தை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன். மூடியும், வலைத்துணியும், உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவும் தேங்காய்ப் பொச்சும் கொடுத்துவிட்டு அறிவுரை சொல்வதே முறை.

தேய்த்துக் கழுவ வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈடிசின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். நீரைக் கொட்டினால் அது போகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், அடுத்த மழையில் நீர் ஏறி நனைத்தவுடன் பொரிக்கும். நம் கோடை முழுவதும் வளவின் மூலையில் காய்ந்து கிடக்கும் டயருக்குள், ஒக்டோபர் மழைக்காக அவை காத்திருக்கின்றன.

மயிலாப்பூர் வாசகர் எழுதியது:

வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். பரிசோதகர் ஐயா சொன்னதற்கு எங்கள் ஊரிலும் சான்று இருக்கிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. பெருவெள்ளம் கண்ட 2015இல் மாநிலத்தில் பதிவான டெங்கு சுமார் 4,500 என்றால், வறட்சியைத் தொடர்ந்து வந்த 2017இல் அது 23,000ஐத் தாண்டியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து குடம் குடமாய்ப் பிடித்து வைத்த அந்த மாதங்களில், எங்கள் தெருவில் கொசு வளர்ந்தது சாக்கடையில் அல்ல, சமையலறை வாசலில் வைத்திருந்த டிரம்மில்தான் என்பதை மாநகராட்சிப் பணியாளர் டார்ச் அடித்துக் காட்டியபோது நான் வெட்கப்பட்டேன். வறட்சி ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. 2017இன் கோடைக்குப் பிந்தைய மழை நன்றாகவே பெய்தது. ஆனால் வெள்ள ஆண்டுதான் டெங்கு ஆண்டு என்ற எண்ணம் இந்த எண்களின் முன் நிற்காது.

சென்னையின் மலேரியாவும் மழையை நம்பியதல்ல. அதைப் பரப்பும் அனோபிலிசு ஸ்டெபன்சி கொசு, கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடுவது. அதே கொசு 2016 இறுதியில் மன்னாரில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று படித்தபோது உங்கள் எல்லோரையும் நினைத்துக் கவலைப்பட்டேன்.

ஒரு பழைய செய்தியையும் சேர்க்கிறேன். பஞ்சாபில் 1908இல் வந்த கொடிய மலேரியாவை மலேரியா ஆய்வாளர் கிறிஸ்டோபர்ஸ் ஆராய்ந்தபோது, அங்கே அது மிகையான பருவமழையையும் உணவுப்பஞ்சத்தையும் ஒட்டி வந்ததாகக் கண்டார். அதன் வழியே 1920களில் கில் என்பவர், மழையளவும் தானிய விலையும் உட்படப் பலவற்றைப் பார்த்துக் கொள்ளைநோயை முன்கூட்டிச் சொல்லும் முறையை அமைத்தார். அதே கில்தான் பின்னர் இலங்கைக்கு வந்து 1934ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் பற்றிய அறிக்கையை எழுதினார். வறண்ட பஞ்சாபில் கூடுதல் மழை நீரை நிறுத்தியது. நனைந்த கேகாலையில் மழையின்மை நீரை நிறுத்தியது. இரண்டையும் ஒரே மனிதர் கண்ணால் பார்த்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

வடமராட்சி ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. "எந்த நுளம்பு, எந்த இடம்" என்பதை நாளையே கரும்பலகையில் எழுதப் போகிறேன். ஒரு ஐயம் மட்டும் மிச்சம். 2017இல் நாடு முழுவதும் டெங்கு தலைவிரித்தாடியதற்கு மே மாத வெள்ளமே காரணம் என்று நானும் கற்பித்திருக்கிறேன். அது சரியா?

எண்கணக்கு எழுதியது:

ரீச்சர், அந்த விளக்கம் பாதிதான் சரி. நான் மருத்துவப் புள்ளிவிபரத்தில் வேலை செய்பவள். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு என ஐயுற்றுப் பதிவானார்கள், 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஜூலை மாதத்தில் மட்டும் 40,000க்கு மேல். வெள்ளம் வந்தது மே மாதக் கடைசியில். ஆகவே ஜூலை உச்சத்தோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது நியாயமே. ஆனால் அந்த ஆண்டின் ஜனவரியிலிருந்தே மாதத்துக்குப் பத்தாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் நோயாளர் வந்துகொண்டிருந்தனர். தீ முன்பே பற்றியிருந்தது.

பற்ற வைத்தது எது என்று பார்த்தால், டெங்கு வைரசின் நான்கு வகைகளுக்கு வர வேண்டும். 2009 தொடக்கம் பல ஆண்டுகள் இலங்கையில் முதலாம் வகையே மேலோங்கியிருந்தது. 2017இல் இரண்டாம் வகை மேலெழுந்தது. ஒரு வகையால் பீடிக்கப்பட்டவருக்கு அந்த வகைக்கு எதிராகவே நீடித்த எதிர்ப்பு உண்டு. மற்றொரு வகை வந்தால் அவர் மீண்டும் நோயாளியாகலாம், இரண்டாம் முறை கடுமையாகவும் ஆகலாம். எனவே வைரசின் கண்ணுக்கு, எதிர்ப்பில்லாத பெருந்திரள் மக்கள் கொண்ட நாடாக அன்று இலங்கை இருந்தது. அதோடு கொழும்பில் ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்தபின் குப்பை அகற்றல் தடுமாறியது. இவ்வளவும் சேர்ந்த இடத்தில் மழை கொட்டியது.

எல் நினோவையும் நோய் எண்ணிக்கையையும் அருகருகே வரைந்து, கோடுகள் ஒன்றாக ஏறுகின்றன என்று காட்டும் படங்களை நான் அஞ்சுவதும் இதனால்தான். இலங்கையின் பழைய மலேரியாப் பதிவுகளிலேயே எல் நினோவுக்கும் கொள்ளைநோய்க்கும் இருந்த தொடர்பு ஒரு காலகட்டத்தில் வலுவாகவும் இன்னொரு காலகட்டத்தில் நலிந்தும் இருந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1963இல் நாட்டில் 17 பேருக்கு மட்டுமே மலேரியா இருந்தது. ஒழிந்துவிட்டது என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அந்த ஏற்றத்தை வானத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதேபோல், 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா ஒன்றுகூட இல்லாமல் செய்து, 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றதும் வானிலையின் கருணையால் அல்ல. 2015இல் மிக வலுவான எல் நினோ வந்தபோதும் மலேரியா திரும்பவில்லை. இரத்தம் சோதித்த, வெளிநாட்டிலிருந்து வந்தவரைத் தேடிப்போன ஊழியர்களின் உழைப்பு அது.

வடக்கின் தை மாத உச்சத்துக்கும் மழையோடு இன்னொரு காரணத்தைச் சேர்க்க வேண்டும். மார்கழி விடுமுறைக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஊருக்கு வருகிறார்கள். நுளம்பு இங்கே நிறைந்திருக்கும் அதே வாரங்களில் வைரசும் பேருந்தில் வந்து இறங்குகிறது.

கொண்டல் எழுதியது:

எண்கணக்கு சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் முன்னறிவிப்புக்கு உள்ள மதிப்பைக் குறைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மழைக்கும் நோய் உச்சத்துக்கும் இடையே ஆறு முதல் பத்து வாரங்கள் இருக்கின்றன. நுளம்பு வளர ஒரு வாரத்துக்கு மேல், வைரசு அதனுள் முதிர ஒன்றரை வாரம், கடிபட்டவருக்குக் காய்ச்சல் தோன்ற நாலு முதல் பத்து நாள், பிறகு அவரிடமிருந்து அடுத்த சுற்று என்று கூட்டிப்பாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் ஒக்டோபரில் மழை மிகும் என்று செப்டெம்பரிலேயே சொன்னால், நமக்கு மூன்று மாதம் கையில் இருக்கிறது. கிழக்கு ஆபிரிக்காவில் 2006ஆம் ஆண்டு இறுதியில், கடல் வெப்பநிலையையும் செய்மதி காட்டிய பசுமையையும் வைத்துப் நுளம்பால் பரவும் பிளவுப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். அது வரவும் செய்தது. அந்த நோயைப் பரப்பும் நுளம்பின் முட்டைகளும் காய்ந்த நிலத்தில் வெள்ளத்துக்காகக் காத்திருப்பவைதான்.

வடமராட்சி ஆசிரியை எழுதியது:

அப்படியானால் இந்த முறை செப்டெம்பர் கடைசி வாரத்திலேயே தொடங்குகிறோம். பாடசாலையில் மழைமானி ஒன்று பழுதின்றி இருக்கிறது. நுளம்பு முட்டைகளை மாணவர்களே எண்ணுவதற்கு எளிய வழி ஏதும் உண்டா ஐயா? பக்கத்துக் கடற்கரைக் கிராமத்து மாணவர்களும் சேர விரும்புகிறார்கள்.

ஓய்வுபெற்ற பரிசோதகர் எழுதியது:

உண்டு பிள்ளை. கறுப்பு நிறப் பிளாத்திக்குக் குவளையில் பாதியளவு நீர் ஊற்றி, சொரசொரப்பான ஒரு மரச்சீவலை உள்ளே சாய்த்து, நிழலான இடத்தில் இடுப்புயரத்துக்குக் கீழே வையுங்கள். முட்டைகள் கரும்புள்ளிகளாகச் சீவலில் நீர்மட்டத்தை ஒட்டிப் படியும். கைவில்லையால் எண்ணலாம். ஏழு நாளுக்கு மேல் ஒரு குவளையையும் விடக் கூடாது, விட்டால் நீங்களே நுளம்பு வளர்த்தவர்களாவீர்கள். குறித்த நாளில் நீரைத் தரையில் கொட்டி, குவளையைத் தேய்த்துக் கழுவி, சீவலை எரித்துவிட்டுப் புதியதை வையுங்கள். எந்தக் குவளை யார் பொறுப்பு என்று பெயர் எழுதி ஒட்டுங்கள், விடுமுறை நாட்களில் அனைத்தையும் எடுத்துவிடுங்கள்.

கடற்கரைப் பிள்ளைகள் சேர்வது நல்லது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கைக் கரையோரத்தில் உவர்நீர் தேங்கிய பாத்திரங்களிலும் பழுதடைந்த படகுகளிலும் ஈடிசுக் குடம்பிகளைக் கண்டார்கள். நன்னீரில் மட்டுமே அது வளரும் என்று நான் பணியில் சேர்ந்த காலத்தில் படித்திருந்தேன், கரைக்குப் போய்த் தேடியதே இல்லை. எனவே அவர்களின் குவளைகளில் சிலவற்றைப் படகுகள் கவிழ்த்து வைத்திருக்கும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். முதல் வார எண்ணிக்கை வந்ததும் இங்கே எழுதுங்கள், மழைமானியின் அளவையும் சேர்த்து.